இருபத்தோராவது பாத்தி

அத்தியாயம் 9

அத்தைக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, மரியாதைதான் உயரும். ‘வா’ என்பது ‘வாங்க’ ஆகும். அதுவே ‘வாங்க சார், உட்காருங்க சார்’ என்று நீண்டுவிட்டால் எதிரே இருக்கிற ஆள் அன்றைக்குத் தொலைந்தான் என்று அர்த்தம். முப்பத்திரண்டு வருஷமாக அவளுக்கு அண்ணன் மகனாக இருந்து, ‘ரேடியோ’ என்று எல்லாரும் கூப்பிடுகிறவன் கற்றுக்கொண்ட பாடம் இது.

இன்று காலையிலிருந்து அவனையே இரண்டு முறை ‘நீங்க’ என்று கூப்பிட்டுவிட்டாள். அதனால் வேனை யோக்கியமாக ஓட்டினான்.

அத்தை இருபத்தாறு வருஷம் தீயணைப்பு நிலையத்தில் அதிகாரியாக இருந்தவள். ஒவ்வொரு கோடையும் எந்த மலையடிவாரம் எரியப்போகிறது என்று முன்கூட்டியே எழுதி அனுப்புவாள். யாரும் படிக்க மாட்டார்கள். எழுதின இடமே எரியும். ஒருநாள் வெறுத்துப்போய் வேலையை உதறிவிட்டுத் துப்பறியும் தொழிலில் இறங்கினாள். ரேடியோ மருந்துக் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதியாக இருந்தவன். டாக்டர்களைப் பேசவிடாமல் இவனே பேசியதால் அந்த வேலை போயிற்று, இந்தப் பெயர் வந்தது.

வேனின் பின் சீட்டில், மிளகாய் பயிரிடுவதால் ஊரில் மிளகாய்க்காரர் என்று பெயர் வாங்கியவரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். நேற்று மத்தியானம் அத்தையின் ஆபீஸ் படியேறி வந்து அழாமல் நாலே வாக்கியம் பேசினவள். மூன்று நாளைக்கு முன்னால் மலைச்சரிவிலிருந்து இறங்கிய தீயில் அவர்கள் ஊரில் இருபத்துமூன்று வீடுகள் போய்விட்டன. மாடுகளை அவிழ்த்துவிடப் போன பால்காரர் செத்துவிட்டார். அறுவடை முடிந்த நிலத்தில் மிச்சமிருந்த சோளத் தட்டைக்குத் தீ வைத்தது நான்தான் என்று அவள் புருஷன் தானாகவே போலீசில் போய்ச் சொல்லிவிட்டார். அவர் வைக்கவில்லை.

எப்படித் தெரியும் என்று அத்தை கேட்டதற்கு, “அன்னைக்கு எங்களுக்கு கரண்ட் நாளும்மா” என்று மட்டும் சொன்னாள். அது பதிலாக ரேடியோவுக்குப் படவில்லை. அத்தை உடனே எழுந்து பூட்ஸை மாட்டிக்கொண்டாள்.

இன்று நாலு மணிக்கு அவரை மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்துகிறார்கள். அங்கேயும் ஒப்புக்கொண்டுவிட்டால் ஒரு சாவுக்கும் சேர்த்து அவர் தலையில் விழும். வேனின் கடிகாரம் பன்னிரண்டே கால் காட்டியது. அது பத்து நிமிஷம் மெதுவாக ஓடுகிற கடிகாரம்.

ஊர் என்று சொல்ல அங்கே அதிகம் மிச்சமில்லை. சுவர்கள் நின்றன, கூரைகள் இல்லை. ஒரு வீட்டு வாசலில் இரும்புக் கட்டிலின் சட்டம் மட்டும் கிடந்தது. பக்கத்தில் ஒருத்தி சாம்பலைச் சல்லடையில் போட்டுச் சலித்துக்கொண்டிருந்தாள். என்ன தேடுகிறாள் என்று கேட்கிற தைரியம் ரேடியோவுக்கு வரவில்லை.

விவசாயிகள் சங்கத்தின் தகரக் கொட்டகைக்கு முன்னால் வண்டியை நிறுத்தச் சொன்னாள் அத்தை. கான்கிரீட் சுவர், தகரக் கூரை என்பதால் அது தப்பித்திருந்தது. வெளியே அறிவிப்புப் பலகை. கண்ணில் படுகிற எழுத்தையெல்லாம் வாசித்துவிடுவது ரேடியோவின் வியாதி. பல் டாக்டர் வாசலில்கூட விலைப்பட்டியலை உரக்கப் படிப்பான்.

“உரம் வந்திருக்கிறது, உறுப்பினர்கள் அட்டையுடன் வரவும். மின்கம்பிகளுக்குக் கீழுள்ள மரக்கிளைகளை வெட்டும் பணி நமது சங்கத்தின் மூலம் முழுமையாக முடிக்கப்பட்டது. இப்படிக்கு, செயலாளர். தேதி, ரெண்டு மாசத்துக்கு முந்தி. பாருங்க அத்தை, ஒரு வேலையை முடிச்சிட்டு நோட்டீஸ் ஒட்டுற ஊரை இன்னைக்குத்தான் பாக்குறேன். நம்ம தெருவுல வேலையே செய்யாம ஒட்டுவாங்க.”

அத்தை அந்த நோட்டீசையே சிறிது நேரம் பார்த்துவிட்டு, அதைப் போட்டோ எடுத்துக்கொள்ளச் சொன்னாள்.

ஊருக்கு மேற்கே, மலைச்சரிவு தொடங்கும் இடத்தில்தான் மிளகாய்க்காரரின் அறுவடை முடிந்த நிலம் இருந்தது. தீ இங்கேதான் தொடங்கியது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. போலீஸ் அறிக்கையும் அதைத்தான் சொல்லியது, ஆனால் மூன்றே வரியில். நிலத்தின் ஓரமாக வரிசையாய் மின்கம்பங்கள் போயின. எல்லாம் கரி பிடித்திருந்தன. அவற்றில் இரண்டாவது கம்பத்தைப் பார்த்து அத்தை நின்றுவிட்டாள்.

“என்ன தெரியுது உனக்கு?”

கம்பம் கறுப்பு. உச்சியில் கம்பியைத் தாங்கும் பீங்கான் மட்டும் பால் பற்கள் மாதிரி வெள்ளையாக இருந்தது. அதிலிருந்து மூன்றாவது கம்பம் வரைக்கும் போன கம்பி வெயிலில் பளபளத்தது. மற்ற இடங்களில் எல்லாம் பழைய கம்பி, புகை படிந்து மங்கலாகத் தொங்கியது.

“புதுக் கம்பி” என்றான் ரேடியோ. “நல்லதுதானே, ரிப்பேர் பண்ணிட்டாங்க.”

மிளகாய்க்காரரின் மனைவி விவரம் சொன்னாள். தீ அணைந்த மறுநாள் பொழுது விடிவதற்குள் மின்வாரிய லாரி வந்துவிட்டதாம். கம்பத்துக்குப் பக்கத்து மரம் கம்பியில் உரசுகிறது, காற்று அடித்தால் பொறி பறக்கிறது என்று இரண்டு வருஷமாக மனு கொடுத்து ஓய்ந்துபோன ஊர் இது. ஒரு தடவைகூட எட்டிப் பார்க்காத லாரி, கேட்காமலேயே வந்து நின்றது. ஊரே கையெடுத்துக் கும்பிட்டதாம்.

அத்தை எதிரே கையை நீட்டினாள். முப்பதடி தள்ளி ட்ரான்ஸ்ஃபார்மர் எரிந்து உருகிக் கிடந்தது. அதை யாரும் தொட்டதாகவே தெரியவில்லை. “கரண்ட் வரணும்னா முதல்ல எதை மாத்தணும்?”

ரேடியோ உருகின ட்ரான்ஸ்ஃபார்மரையும் புதுக் கம்பியையும் மாறி மாறிப் பார்த்தான். ட்ரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் கம்பியை மாற்றுவது, அடுப்பே இல்லாத வீட்டுக்குப் பாத்திரம் வாங்கிப் போடுவது மாதிரி. அந்தக் கம்பியை மாற்றவில்லை, எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். வெறுமையாக விட்டால் கேள்வி வருமே என்று புதிதை மாட்டியிருக்கிறார்கள்.

அத்தை அதற்குள் கம்பத்துக்குப் பக்கத்து மரத்தடியில் குந்தி உட்கார்ந்துவிட்டாள். பாதி எரிந்த மரம். கம்பிப் பக்கமாக நீண்டிருந்த கிளைகள் ரம்பத்தால் அறுக்கப்பட்டிருந்தன. அவள் தரையிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். மரத்தூள். வெளேரென்று இருந்தது.

“இது எங்க கிடந்தது?” என்று கேட்டாள்.

“சாம்பல் மேல.”

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால் வெட்டிய கிளை என்றால் தூள் எரிந்து போயிருக்கும், அல்லது சாம்பலுக்கு அடியில் கிடக்கும். வெள்ளைத் தூள் கறுப்புச் சாம்பலுக்கு மேலே கிடக்கிறது என்றால், கிளையை அறுத்தது தீக்குப் பிறகு. அந்த அறிவிப்புப் பலகை பொய் சொல்கிறது.

“அப்போ கேஸ் முடிஞ்சுதே அத்தை. கிளை உரசி கம்பி அறுந்து விழுந்திருக்கு, தட்டை பத்திக்கிச்சு. வாங்க, ஸ்டேஷனுக்குப் போயிடலாம்.”

அத்தை இல்லை என்று தலையை ஆட்டினாள். தீ வந்து கம்பியை எரித்தது, எரிந்த கம்பியை மாற்றினோம் என்று மின்வாரிய ஆபீஸ் எழுத்துமூலமாகவே கொடுத்திருக்கிறது. பத்தரை மணிக்குப் புகை தெரிந்தது, பத்து நாற்பதுக்குத் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போனது, பதினொரு மணிக்குத்தான் கரண்ட் போனது என்பது அவர்கள் கணக்கு. இதற்குக் கண்கண்ட சாட்சியும் உண்டு. சங்கச் செயலாளர். என் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, நான் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தேன், அப்போதுதான் மேற்கே புகையைப் பார்த்தேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். மரத்தூளைக் காட்டினால், மிச்சக் கிளையைப் பாதுகாப்புக்கு வெட்டினோம் என்பார்கள். தீ முதலில் வந்ததா, கரண்ட் முதலில் போனதா? அந்த ஒரு கேள்விக்கு நிமிஷக் கணக்கில் பதில் வேண்டும்.

“அதுக்கு எந்தக் கடிகாரத்தைப் போய்ப் பாக்குறது? இங்க வெறும் சுவர்தான் நிக்குது, அதுல கடிகாரம் எங்க?” என்றான் ரேடியோ.

“இருக்குங்க” என்றாள் அத்தை.

மூன்றாவது ‘ங்க’. அவன் வேகமாகப் பின்னால் நடந்தான்.

மிளகாய்க்காரரின் பயிர் நின்ற வயல் அவர் வீட்டுக்கும் மலைக்கும் நடுவே இருந்தது. வரப்பில் ஏறி நின்றதும் ரேடியோ, “யாரோ கோடு போட்ட மாதிரி இருக்கே” என்றான். உண்மையிலேயே கோடுதான். கோடையில் ஈரம் காயாமல் இருக்க இந்த ஊர்க்காரர்கள் செடிக்குச் செடி வைக்கோலைப் பரப்பி மூடாக்குப் போடுவார்கள். மலைப்பக்கம் இருந்த பாதி வயலில் அந்த வைக்கோல் மொத்தமும் எரிந்து செடிகள் கரிக்குச்சிகளாக நின்றன. வீட்டுப் பக்கத்துப் பாத்திகளில் வைக்கோல் அப்படியே கிடந்தது. இலைகள் வாடியிருந்தன, அவ்வளவுதான். தீ அங்கே வந்து நின்றிருக்கிறது. அந்த வரிசையில் அவர் வீடு மட்டும் கூரையோடு நின்றதன் காரணம் இப்போது தெரிந்தது.

அந்த வீட்டைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் அவர் மனைவியின் முகம் சுருங்கியது. எல்லார் வீடும் போன ஊரில் தன் வீடு மட்டும் நிற்பது அவளுக்கு ஏதோ திருட்டுப் பொருள் வைத்திருப்பது போல இருந்தது.

அத்தை அவளிடம் தண்ணீர் பாய்ச்சும் முறையைக் கேட்டாள். வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் மோட்டாருக்குக் கரண்ட் விடுவார்கள், காலை ஆறு முதல் மதியம் இரண்டு வரை, எட்டு மணி நேரம். அந்த எட்டு மணி நேரத்துக்குத் தகுந்தாற்போலத்தான் இங்கே பாத்தி பிரிப்பதே. இவர்களுக்கு நாற்பது பாத்தி. ஒன்றுக்குப் பன்னிரண்டு நிமிஷம். பன்னிரண்டாவது நிமிஷம் மண்வெட்டியால் மடையை அடைத்து அடுத்த பாத்திக்குத் தண்ணீரைத் திருப்ப வேண்டும். ஒரு பாத்தியில் அசந்தால் கடைசிப் பாத்தி காய்ந்துவிடும். அதனால் வீட்டுப் பக்கத்திலிருந்து ஆரம்பித்துக் கடைசிப் பாத்தி வரைக்கும் மடையை விட்டு ஒருத்தர் நகர முடியாது.

“அன்னைக்கு மடையில யாரு நின்னது?”

“அவருதாம்மா. நான் பன்னெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை அவரு குரலைக் கேட்டுக்கிட்டே வீட்டு வேலை பாத்தேன். ஒவ்வொரு பாத்தி முடியுறப்பவும் நம்பரைச் சத்தமாச் சொல்லுவாரு. இருபதுன்னு சொன்னாரு. இருபத்தொண்ணு சொல்லவே இல்ல. கரண்ட் போயிடுச்சு.”

“இதைப் போலீஸ்ல சொன்னீங்களா?”

அவள் விழித்தாள். “கரண்ட் போறதெல்லாம் ஒரு சேதியாம்மா? தினம் போகுது. அதைப் போய் யாருகிட்டச் சொல்லுவோம்?”

ரேடியோ பாத்திகளை எண்ணிக்கொண்டே நடந்தான். இருபது பாத்தியில் வைக்கோல் முழுசாக இருந்தது. இருபத்தோராவதில் முக்காலுக்கும் மேலே நனைந்து தப்பித்திருந்தது, கடைக்கோடி மட்டும் எரிந்திருந்தது. மனக்கணக்குப் போட்டான். இருபது பன்னிரண்டு இருநூற்று நாற்பது. நாலு மணி நேரம். ஆறும் நாலும் பத்து. மேலே ஒரு பத்து நிமிஷம்.

“பத்து பத்து” என்றான், குரல் தானாகவே இறங்கிப்போய். புகை தெரிவதற்கு இருபது நிமிஷம் முன்னால். வயலே கடிகாரமாக நின்றுபோய்க் கிடந்தது.

ஒரு வயல் போதாது என்றாள் அத்தை. இவர் தானே மோட்டாரை நிறுத்திவிட்டுத் தீ வைக்கப் போனார் என்று சொல்லிவிடுவார்கள். அடுத்த வயல் டெய்லருடையது. தையல் தொழிலோடு விவசாயமும் பார்க்கிறவர், கருகிப்போன தையல் மிஷினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஒரு பாத்திக்கு இருபது நிமிஷம் என்றார். பன்னிரண்டு பாத்தி முழுசு, பதின்மூன்றாவது பாதி. பத்து பத்து. அவருக்கு அடுத்தது பால்காரரின் வயல்.

பால்காரரின் மனைவி கிணற்றடியில் நின்றிருந்தாள். மிளகாய்க்காரரின் மனைவியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பத்து வருஷமாக ஒருத்தி அடுப்பை மற்றவள் அணைக்கிற அளவுக்குப் பழகினவர்கள். இவளோ தயங்கித் தயங்கிப் பின்னால் நின்றுவிட்டாள். அத்தைதான் கிட்டே போய், இதமாக, அன்றைக்கு மடையில் யார் நின்றது என்று கேட்டாள்.

நான்தான் என்றாள். வீட்டுக்காரர் பால் ஊற்றிவிட்டு வந்து மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாத்திக்குப் பத்து நிமிஷம். இருபத்தைந்து முடித்து மடையை அடைக்கிற அந்த நொடியில் தண்ணீர் நின்றது. அவள் மோட்டார் ரூமுக்குப் போய்ப் பார்த்தாள், கரண்ட் இல்லை. சரி, வரும் என்று வரப்பில் உட்கார்ந்தாள். அதற்கப்புறம்தான் மேற்கே புகை தெரிந்தது.

“இவரு தொழுவத்துப் பக்கம் ஓடிக்கிட்டே ‘மோட்டாரைப் போடு, மோட்டாரைப் போடு’ன்னு கத்துனாரு. கிணறு நிறையத் தண்ணி. நான் ஸ்விட்சை அமுக்கிக்கிட்டே இருந்தேன். எத்தனை தடவைன்னு எனக்கே தெரியாது. கடைசியில குடத்தை எடுத்து…”

அவள் நிறுத்தினாள். நிறுத்தின இடத்தில் அவளுக்கு ஏதோ தட்டுப்பட்டுவிட்டது. மெதுவாகத் திரும்பி மிளகாய்க்காரரின் மனைவியைப் பார்த்தாள்.

“அக்கா” என்றாள். “கரண்ட் போனப்போ அண்ணன் மடையில நின்னாரா?”

“நின்னாரு.”

“அப்போ மேல போயி யாரு தீ வெச்சா?”

ரேடியோவிடம் எந்த நேரத்துக்கும் ஒரு ஜோக் கைவசம் இருக்கும். அந்தக் கிணற்றடியில் ஒன்றுகூட இல்லை. எட்டிப் பார்த்தான். தண்ணீர் பத்தடி ஆழத்தில் வானத்தைக் காட்டிக்கொண்டு கிடந்தது. சுற்றுவட்டாரத்தில் இப்படி எட்டுக் கிணறு. தண்ணீருக்கு நடுவே ஊர் எரிந்திருக்கிறது. அவனுக்கு யாரையாவது அறைய வேண்டும்போல இருந்தது, யாரை என்றுதான் தெரியவில்லை.

“இன்னும் ஒரு வயல் பாக்கணும்” என்றாள் அத்தை. “அப்புறம் ஸ்டேஷன். அம்மா, நீங்களும் வண்டியில ஏறுங்க.”

போலீஸ் ஸ்டேஷனுக்குள் நுழையும்போது மணி மூன்று பத்து. இன்ஸ்பெக்டர் ஃபைலைக் கட்டிக்கொண்டிருந்தார். கெட்டவர் இல்லை, வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்கிற ரகம். சுவரோரமாக பெஞ்சில் மிளகாய்க்காரர். கைகளை மடியில் போட்டுக்கொண்டு, அடுத்தவர் வீட்டுக்கு வந்த மாதிரி ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சங்கச் செயலாளர். ஃபிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றி அவர் கையில் கொடுத்துக்கொண்டிருந்தார். தீக்கு அப்புறம் மூன்று நாளாக வீடு வீடாகப் போய் ஆறுதல் சொன்ன மனிதர், மிளகாய்க்காரரைக் கைவிடாமல் ஸ்டேஷனுக்கும் கூடவே வருகிறார் என்று ஊரில் எல்லாரும் அவரைப் புகழ்ந்தார்கள்.

அத்தை அவருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“வணக்கங்க சார். உங்க வயலைப் பாத்துட்டு வரேங்க சார். ரொம்ப நேர்த்திங்க சார்.”

ரேடியோ சுவரில் சாய்ந்துகொண்டான். மூன்று வாக்கியத்தில் மூன்று ‘சார்’. இந்த ஆள் தொலைந்தான்.

செயலாளர் பெருமூச்சு விட்டு, தன் வயலிலும் பாதி போய்விட்டது என்றார். அத்தை ஆமோதித்தாள். ஒரு பாத்திக்கு எத்தனை நிமிஷம் என்று சாதாரணமாகக் கேட்டாள். பதினைந்து என்றார் அவர். முப்பத்திரண்டு பாத்தி, கரண்ட் போகிற இரண்டு மணிக்குக் கடைசிப் பாத்தி தளும்பும், என் வயலில் ஒரு நிமிஷம் முன்னே பின்னே ஆகாது என்று கொஞ்சம் பெருமையும் பட்டுக்கொண்டார்.

“அன்னைக்கு ஆறு மணிக்கே தொடங்கிட்டீங்களா சார்?”

“ஆறடிச்சதும் போட்டேன்.”

“பத்தரைக்குப் புகையைப் பாத்தீங்கள்ல, அப்போ மோட்டார் ஓடிக்கிட்டு இருந்துதுங்களா சார்?”

“ஓடிச்சு. அதைத்தான் எழுதியே குடுத்திருக்கேனே.”

“எத்தனாவது பாத்தியில நின்னீங்க சார்?”

அவர் யோசிக்கவே இல்லை. பிறந்ததிலிருந்து மடை திருப்பினவர், கணக்கு தானாக வாயில் வந்தது. “பதினெட்டு முடிச்சு பத்தொன்பதுக்குத் திருப்பினேன்.”

“பத்தொன்பதாவது சாம்பலாக் கிடக்குதுங்க சார். பதினெட்டும் சாம்பல்தான். உங்க வயல்ல பதினாறு பாத்தி நனைஞ்சிருக்கு, பதினேழுல மூணுல ரெண்டு பங்கு. அங்க தண்ணி நின்னுபோச்சுங்க சார். பத்து மணி பத்து நிமிஷத்துக்கு.”

ஃபைலைக் கட்டிக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டரின் கை நின்றது. அத்தை அவர் பக்கம் திரும்பி நாலு வயலின் கணக்கையும் சொன்னாள். ஒருத்தர் மோட்டாரை நிறுத்திவிட்டுத் தீ வைக்கப் போகலாம், நாலு பேரும் சேர்ந்து ஒரே நிமிஷத்தில் போக முடியாது. பிறகு வெள்ளைப் பீங்கான், ட்ரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் மாட்டின கம்பி, சாம்பல் மேல் கிடந்த மரத்தூள். முதலில் கம்பி விழுந்தது, பிறகு தட்டை பிடித்தது, பிறகுதான் ஊர். இவர் மோட்டார் ஓடுகிறபோது புகையைப் பார்த்தேன் என்றது சுத்தப் பொய்.

இன்ஸ்பெக்டர் பெஞ்சைப் பார்த்து, “என்னய்யா சொல்றே?” என்றார்.

மிளகாய்க்காரர் தலையைத் தூக்கவில்லை. “நான்தான் வெச்சேன் சார்.”

ரேடியோவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. காப்பாற்ற வந்தால் இந்த மனுஷன் கையை உதறிவிட்டுத் திரும்பக் கிணற்றுக்குள் குதிக்கிறாரே. அவர் மனைவி முன்னால் வந்தாள், அத்தை கையைக் காட்டி அவளை நிறுத்தினாள்.

“நீங்க வெக்கலைன்னு உங்களுக்குத் தெரியும். ஏன் ஒத்துக்கிறீங்க?”

மிளகாய்க்காரர் தரையைப் பார்த்தே பேசினார். “இருபத்துமூணு வீடு போச்சும்மா. என் வீடு நிக்குது. அவங்க முகத்துல எப்படி முழிப்பேன்? காரணம் தெரியலைன்னு எழுதினா ஃபைல் பத்து வருஷம் தூங்குமாம். யாராவது ஒருத்தர் கை தவறிடுச்சுன்னு ஒத்துக்கிட்டா ஒரே மாசத்துல எல்லாருக்கும் நிவாரணம் வந்துடுமாம். எனக்கு சின்ன அபராதம்தானாம். இடமும் என்னோடது. அதான்.”

அத்தை நிதானமாகச் சொன்னாள். இருபத்தாறு வருஷம் இதே அறிக்கைகளை எழுதினவள் அவள். மின்கம்பியால் வந்த தீ என்றால் மின்வாரியம் ஊருக்கே இழப்பீடு தந்தாக வேண்டும். விவசாயி வைத்த தீ என்றால் யாரும் யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை. இருபத்துமூன்று வீட்டுக்கும் பதில் சொல்ல வேண்டியது இவர் ஒருத்தர்தான். சின்ன அபராதம் என்பதும் கிடையாது. ஓர் உயிர் போயிருக்கிறது, வருஷக்கணக்கில் உள்ளே இருக்க வேண்டும்.

“நீங்க ஊரைக் காப்பாத்தலைங்க. ஊர் வாயில மண்ணைப் போட இருந்தீங்க. இதை உங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தது?”

மிளகாய்க்காரர் கையிலிருந்த டீயைப் பார்த்தார். அப்புறம் அதை ஊற்றிக் கொடுத்தவரைப் பார்த்தார்.

செயலாளர் எழுந்துவிட்டார். இதென்ன அநியாயம், நல்லதுக்குச் சொன்னால் என் தலையிலேயே கட்டுகிறீர்களே, எனக்கு இதில் என்ன லாபம் என்று படபடவென்று பேசினார். அதுவரை வாயைத் திறக்காமல் இருந்த ரேடியோ செல்போனை எடுத்து மேஜைமேல் வைத்தான். மத்தியானம் வேடிக்கையாக வாசித்த அதே நோட்டீசை இப்போது வாசித்தான். குரல் அவனுடையது மாதிரியே இல்லை.

“கிளை வெட்டும் பணி நமது சங்கத்தின் மூலம் முழுமையாக முடிக்கப்பட்டது. இப்படிக்கு, செயலாளர். வெட்டுறேன்னு வேலையை எடுத்தது நீங்க. வெட்டாமலே வெட்டியாச்சுன்னு கையெழுத்துப் போட்டது நீங்க. அதை வந்து பாக்காமலே சரின்னது மின்வாரிய ஆபீஸ். கம்பி விழுந்துதுன்னு வெளிய தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் வேட்டு. அதான் அவங்க கம்பியை எடுத்துக்கிட்டாங்க, நீங்க ஆளைக் குடுத்துட்டீங்க. மூணு நாளா இவருக்கு டீ ஊத்திக் குடுக்குறீங்களே, உங்களுக்கு எப்படிய்யா கை வருது?”

அவன் கத்தினது வெளி வராந்தா வரை கேட்டிருக்க வேண்டும். அங்கே காத்திருந்த பால்காரரின் மனைவி உள்ளே வந்தாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. செயலாளருக்கு முன்னால் போய் நின்றாள். அவள் அவரை ‘அண்ணே’ என்று கூப்பிடுகிறவள். இழவு வீட்டில் முன்னால் நின்று எல்லாக் காரியமும் செய்தவர் அவர்தான்.

“உங்க மோட்டார் ஓடுச்சாண்ணே?”

அவர் மேஜைமேல் இருந்த செல்போனைப் பார்த்தார்.

“என்னோடது ஓடலண்ணே. அமுக்கி அமுக்கிப் பாத்தேன். ஓடலை.”

அவ்வளவுதான் சொன்னாள். திட்டவில்லை, அழவில்லை. செயலாளர் தானாகவே பெஞ்சில் உட்கார்ந்தார். கிளையைச் சித்திரை முடிந்ததும் வெட்டிவிடலாம் என்றுதான் இருந்தேன் என்று யாரிடமோ சொல்வது போல முணுமுணுத்தார். இன்ஸ்பெக்டர் கான்ஸ்டபிளைக் கூப்பிட்டுக் கதவுப் பக்கம் நிற்கச் சொன்னார். கட்டி வைத்த ஃபைலைப் பிரித்து, மின்வாரிய ஆபீசில் அந்தக் கம்பியை யார் எடுத்துவரச் சொன்னார்கள் என்று போனில் விசாரிக்கத் தொடங்கினார். இந்த மூன்று நாளில் அவர் கேட்ட முதல் உருப்படியான கேள்வி அதுதான்.

பால்காரரின் மனைவி பெஞ்சின் மறுபக்கம் வந்தாள். மிளகாய்க்காரர் அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து எழுந்து நின்றார்.

“வீடு நிக்குதேன்னு ஜெயிலுக்குப் போவீங்களா?” என்றாள் அவள். “அது நிக்கட்டும்ண்ணே. இன்னைக்கு ராத்திரிக்கு எங்க படுக்குறதுன்னு பாதி ஊரு யோசிச்சுக்கிட்டு இருக்கு.”

மிளகாய்க்காரர் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். துடைத்து முடிக்க நேரமானது. ஆறிப்போன டீயைக் குடிக்காமலே கொண்டுபோய் செயலாளருக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

மணி மூன்று முப்பத்தைந்து. இன்ஸ்பெக்டர் போனை வைத்துவிட்டு வெள்ளைத் தாளை எடுத்தார். அத்தை ரேடியோவைப் பார்த்து, “டேய், வண்டியைத் திருப்பி நிறுத்து” என்றாள். ‘டேய்’ என்று கேட்டதும் ரேடியோவுக்கு உயிர் வந்தது. ஆனாலும் நகரவில்லை. கேட்டுவிட்டுப் போக வேண்டும்போல இருந்தது.

“சொல்லுய்யா” என்றார் இன்ஸ்பெக்டர். “அன்னைக்குப் பத்து மணிக்கு நீ எங்க இருந்தே?”

மூன்று நாளில் முதல் தடவையாக மிளகாய்க்காரர் நிமிர்ந்து பார்த்தார். தன் மனைவிக்குக் கேட்கிற மாதிரி, வயலில் பாத்தி நம்பரைச் சொல்வது போலச் சத்தமாகவே சொன்னார்.

“இருபத்தொண்ணு.”